காருக்காகத்தான் போகிறேன்

பிப்ரவரி 2

பேட்டரிக் கடைக்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எனக்கு ஓர் அறிவுரை அச்சடித்து வைத்திருக்கிறான். விற்பது பேட்டரி, அதுவும் ஒரு மழைக்குத் தாங்காது. அறிவுரைகளைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே எழுதுகிறேன்.

இன்று கடையில் ஒரு டாக்டரின் கறுப்புக் கார். டிரைவர் தன் பழைய பனியனால் துடைத்துத் துடைத்து பானட் முழுக்க வட்டவட்டமாகக் கீறி வைத்திருக்கிறான். டாக்டர் வந்து, "லேசா ஒரு பாலிஷ் போட்டா போயிடும்ல?" என்றார். உங்களிடம் வருகிற நோயாளியும் இப்படித்தான் லேசாக ஒரு ஆபரேஷன் கேட்பானா என்று கேட்க நினைத்தேன். கேட்டும் விட்டேன். கார் நாளைக்கும் என்னிடம்தான் இருக்கும், வேறு எங்கே போவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அமுதவல்லி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். என் காதில் விழ வேண்டும் என்றுதான் ஸ்பீக்கர். எதிர்முனையில் சுபாஷிணி, எங்கள் ஒரே மகள். அவளுக்கு வயிற்றில் ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு மகாராணி போட்ட நிபந்தனை இது: "அப்பா நேர்ல வந்து கூப்பிட்டாத்தான் வருவேன். இல்லன்னா இங்கயே பெத்துக்கிறேன்."

இங்கேயே என்றால் அந்தமான். மூன்று வருடம் முன்பு போர்ட் பிளேருக்குப் போய் ஜெரால்டு என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவனுக்கு மதம் வேறு, ஊர் வேறு, நடுவில் ஒரு கடல் வேறு. அன்றிலிருந்து நான் கோபமாக இருக்கிறேன். காட்பாடி முழுக்கத் தெரியும். "தணிகாசலம் ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். சும்மா வருமா அந்தப் பெயர்.

அமுதவல்லி இரண்டு தடவை தனியாக விமானத்தில் போய்விட்டு வந்தாள். "ஏறி உக்காந்தா ஒரு தூக்கம், அவ்ளோதாங்க" என்கிறாள். அவளுக்கு எதுவுமே ஒரு தூக்கம்தான்.

பிப்ரவரி 3

காலையில் காபியோடு ஒரு போட்டோவை நீட்டினாள். ஜெரால்டின் கார். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிற ஏழு சீட்டு வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை என்றுதான் இருக்கும். போட்டோவில் புகையிலை போடுகிறவன் பல்லைப் போல இருந்தது. கடல் காற்றும் உப்பும் தின்ற வண்டியைக் கழுவாமல் வைத்திருக்கிறான் அந்த ஆள்.

"நீங்க பொண்ணைக் கூப்பிடப் போக வேணாம். உங்க கோவம் உங்களோட இருக்கட்டும். காரைச் சரி பண்ணிக் குடுத்துட்டு வாங்க. திரும்பி வர்றப்ப அவ கூட வந்தா வரட்டும்" என்றாள்.

தொழில்காரன் ஒரு காரை அந்த நிலையில் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லக்கூடாது. சரி என்றேன். காருக்காகத்தான் போகிறேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பிற்பாடு யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

எப்படிப் போவது என்ற கேள்வி டாக்டர் காருக்குப் பாதி பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 5

டிக்கெட் போட்டுவிட்டாள். கூடக் காசு கொடுத்து ஜன்னல் சீட் வாங்கினாளாம். யார் கேட்டது?

விமானக் கம்பெனியின் விதிகளைக் கடையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். இவ்வளவு பொறுமையாக நான் எதையும் படித்ததில்லை. பாலிஷ் மெஷின் கைப்பையில் கூடாது, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். மெஷினின் பேட்டரி பெட்டியில் கூடாது, கைப்பையில் வர வேண்டும். பெயின்ட் மேல் பூசுகிற கோட்டிங் தீப்பிடிக்குமாம், இரண்டிலும் கூடாது. பிசுக்கு எடுக்கிற ஆல்கஹால் கூடாது. டயர் ஸ்ப்ரே கூடாது. பிளேடு கைப்பையில் கூடாது. காரைத் தேய்த்து மெருகேற்றுகிற ஒரு டீடெயிலிங்காரனைப் பிரித்துக் கொஞ்சம் கையில், கொஞ்சம் பெட்டியில், மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டு அனுப்புகிறார்கள்.

அமுதவல்லியிடம் விஷயத்தைச் சொன்னேன். கோட்டிங் இல்லாமல் பாலிஷ் போடுவது ஜாக்கெட் தைத்துக் கொக்கி வைக்காமல் கொடுப்பது மாதிரி. அந்த வேலையைச் செய்து என் பெயரைக் கெடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே போவதில் அர்த்தமில்லை. நியாயமாகத்தான் சொன்னேன், குரலைக்கூட உயர்த்தவில்லை.

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பிப்ரவரி 6

கோட்டிங்கை ஜெரால்டு அங்கேயே வாங்கிவிட்டானாம். போர்ட் பிளேரிலும் கார் ஓடுகிறதாம், கடையும் இருக்கிறதாம். என்ன கம்பெனி, என்ன தரம் என்று கேட்டேன். நான் உபயோகிக்கிற அதே கம்பெனி. கடைக்கு ஃபோன் செய்து மணவாளனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். மணவாளன் என் கூட்டாளி, கார்களின் இருக்கையையும் உள்பக்கத்தையும் சுத்தம் செய்கிறவன். கடை ரகசியத்தை ஃபோனில் ஊருக்கெல்லாம் சொல்கிறான்.

ஆல்கஹாலும் அங்கே கிடைக்குமாம். ஜெரால்டின் தங்கை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாளாம்.

தண்ணீர் நன்றாக இருக்காது, உப்பு படியும் என்றேன். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறானாம். அந்த ஆளுக்கு வேறு வேலையே கிடையாதா?

பிப்ரவரி 7

பிரஷர் வாஷரும் இருக்கிறதாம்.

பிப்ரவரி 9

பெட்டி கட்டினேன். அங்கே எது இருக்கிறது எது இல்லை என்று இன்னொருவனை நம்பி நான் போக முடியாது. பெரிய மெஷின், சின்ன மெஷின், கீறலைத் தேய்த்து எடுக்கிற காம்பவுண்டு பாட்டில்கள், ஃபோம் பேடு, துணி, களிமண் கட்டி, விளக்கு. என் கோட்டிங், என் ஆல்கஹால், என் டயர் ஸ்ப்ரே. அவன் வாங்கினது போலியாக இருந்தால்? சின்ன மெஷினின் பேட்டரிகளையும் அதே பெட்டியில் வைத்தேன். பெட்டியில் இடம் இருந்தது, வைத்தேன்.

மணவாளன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதெல்லாம் விடமாட்டாங்கண்ணே. ஏர்போர்ட்ல பிடிச்சு நிறுத்திருவாங்க" என்றான்.

"நிறுத்தட்டும்."

"நிறுத்தினா நீங்க போக முடியாதேண்ணே."

"அது என் தப்பா?" என்றேன்.

பக்கெட்டைக் கழுவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் யோசித்தால் ஊருக்கே தெரியும், வாய் லேசாகத் திறந்துகொள்ளும். "ஏண்ணே, நீங்க இதுக்கு முன்னால ஃப்ளைட்ல போயிருக்கீங்களா?"

தொழிலுக்காக நான் போகாத ஊரா? டெல்லி ட்ரெயினிங்குக்குப் போனேன். "அது ரயிலுண்ணே" என்றான். ஹைதராபாத். "அது பஸ்." பம்பாய். "அதுக்குக் காய்ச்சல்னு நீங்க போகல, நான்தான் போனேன்." இவனுக்கு இதெல்லாம் நினைவிருக்கிறது, வாடிக்கையாளருக்குப் பில் போடத்தான் மறந்துவிடும்.

அமுதவல்லி பெட்டியைத் திறந்து பார்த்தாள். "துணியை நான் மடிச்சு வைக்கிறேன், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

பிப்ரவரி 11

வயிறு சரியில்லை. நேற்று சாப்பிட்ட வடைகறிதான் காரணம், வேறொன்றும் இல்லை.

வங்கக் கடலில் மேகம் இருக்கிறது என்று டிவியில் சொன்னான். அமுதவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பிப்ரவரில மேகம் இருந்தா வெயிலுக்கு நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த சேனல் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 12, சென்னை விமான நிலையம்

அவளும் சென்னை வரை காரில் வந்தாள். வழியனுப்ப அல்ல, காவலுக்கு. உள்ளே போனபின் திரும்பிப் பார்த்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். போர்டிங் பாஸ் வாங்கிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் நின்றாள். போலீஸ்காரர்கள்கூட இவ்வளவு நேரம் நிற்பதில்லை.

கவுன்டரில், "பெட்டில பேட்டரி, தீப்பிடிக்கிற பொருள் ஏதாவது இருக்கா சார்?" என்று ஒருத்தி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். இல்லை என்றேன். பெட்டி நகர்ந்து ரப்பர் திரைக்குள் போனது. பிறகு உட்கார்ந்து காத்திருந்தேன். சுற்றி இருக்கிற ஜனங்கள் சமோசா தின்றுகொண்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஆகாயத்தில் போகப் போகிறோம் என்ற நினைப்பு ஒருத்தனுக்கும் இல்லை. ஜன்னல் வழியாக ஒரு விமானத்தைப் பார்த்தேன். மூக்கெல்லாம் பூச்சி அடித்துக் கறை. வண்டியைக் கழுவக்கூட ஆளில்லாதவர்கள் நட்டு போல்ட்டை மட்டும் பார்த்திருப்பார்களா?

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனபோது நடை லேசாக இருந்தது, மறைப்பானேன்.

ஒரு சின்ன அறை. என் பெட்டி மேஜைமேல். ஓர் அதிகாரி, கூடவே விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி.

"திறங்க சார். இது என்ன?"

"கோட்டிங். கார் பெயின்ட்டுக்கு மேல பூசறது."

"தீ படம் போட்டிருக்கே சார்."

"நான் அதைக் கொளுத்தப் போறதில்லம்மா."

அதிகாரி களிமண் கட்டியை எடுத்து அமுக்கிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். கார் பெயின்ட்டில் ஒட்டின தூசியைத் தேய்த்து எடுக்கிற கட்டி அது என்று மூன்று தடவை சொன்னேன். எக்ஸ்ரே மெஷினில் போட்டுப் பார்த்தால் வெடிகுண்டு மாதிரியே தெரிகிறதாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

"பேட்டரி இருக்கான்னு கவுன்டர்ல கேட்டாங்களா, இல்லையா?"

"கேட்டாங்க."

"இல்லன்னு சொன்னீங்களா?"

"மறந்துட்டேன்."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். "சார், பேட்டரியைக் கைப்பைல எடுத்துக்கலாம். இந்த பாட்டிலு, ஸ்ப்ரே எல்லாம் இங்கயே விட்டுடணும். விட முடியாதுன்னா உங்களையும் பெட்டியையும் இறக்கிடுவோம். நீங்கதான் முடிவு சொல்லணும். டைம் இல்ல சார்."

இதைவிட மரியாதையாக யாரும் எனக்கு ஒரு வழி காட்டியதில்லை. தொழில் சாமானை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். அமுதவல்லியும் வாய் திறக்க முடியாது. டீக்கடையில் என் பெயர் இன்னும் ஒரு சுற்று ஏறும். "இறக்கிடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அதிகாரி ஃபோம் பேடு இருந்த பையைக் கவிழ்த்தார். உள்ளே என் துணிகள், கடையில் யாரும் தொடக்கூடாது என்று நான் தனியாக வைத்திருக்கிற நல்ல மைக்ரோஃபைபர் துணிகள், சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றைப் பிரித்தார். கண்ணாடி வளையல். பச்சை, சிவப்பு, பச்சை. ஒவ்வொரு சுருட்டிலும் ஒரு கொத்து. அமுதவல்லி துணி மடித்த லட்சணம் அது. ஒன்றுகூட உடையவில்லை.

"இதுவும் கார் சாமானா சார்?" என்றாள் அந்தப் பெண்.

"பொண்ணுக்கு" என்றேன்.

"வளைகாப்பா? எத்தனாவது மாசம்?"

"ஏழு. தலைப்பிரசவம். கூட்டிட்டு வரப் போறேன்."

சொன்னபிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. அவள் வளையல்களைத் திரும்பச் சுருட்ட ஆரம்பித்தாள். துணியைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை, பிடுங்கி நானே சுருட்டினேன். "தீ படம் போட்டதை எல்லாம் எடுத்துக்கங்க. களிமண்ணை மட்டும் குடுத்துடுங்க" என்றேன்.

விமானத்தில்

கையெழுத்து இப்படி இருப்பதற்குப் பேனாதான் காரணம். இறக்கையில் பெயின்ட் உரிந்திருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரன் கிளம்புவதற்கு முன்பே வாயைத் திறந்து தூங்குகிறான், மனுஷனா இவன். ஜன்னல் திரையை மூடினேன். பணிப்பெண் வந்து திறந்து வைக்கச் சொல்கிறாள். வெளியே பார்க்க என்ன இருக்கிறது?

நகர்கிறது.

பிப்ரவரி 12, போர்ட் பிளேர்

இறங்கிவிட்டேன். சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. இந்த ஊரில் அப்படிப் புழுக்கம்.

ஜெரால்டு வந்திருந்தான். ஒல்லி. "வாங்க மாமா" என்று பெட்டியை வாங்கினான். பெட்டியின் கனத்தில் தோள் ஒரு பக்கம் இறங்கியது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. காரின் கதவைத் திறந்தபோது கீல் கத்தியது. எண்ணெய்கூட விடுவதில்லை.

மகள் வரவில்லை. "ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன்னுட்டா மாமா" என்றான். ஏழாம் மாதம் என்றால் காரில் உட்காரக்கூடவா முடியாது? அப்பன் கடல் தாண்டி வந்திருக்கிறேன். இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஜங்லிகாட் என்கிற பகுதியில் ஒரு மேட்டில் வீடு. வாசலிலேயே நின்றாள். நைட்டிமேல் துண்டு, கன்னம் கொஞ்சம் உப்பி, வயிறு நன்றாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவரவில்லை, அழவில்லை. "நிஜமாவே வந்துட்டியாப்பா?" என்றாள். வரச் சொல்லிவிட்டு இது ஒரு கேள்வி. முகம் வெளுத்துப் போயிருந்தது. ரத்தம் பத்தாது போலிருக்கிறது, என்னத்தைச் சமைத்துப் போடுகிறானோ.

மீன் குழம்பு நன்றாக இருந்தது. அவன்தான் வைத்தானாம். நான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13

காரைக் கழுவினேன். மழைத்தண்ணீர் உண்மையிலேயே வைத்திருந்தான், இரண்டு ட்ரம். ஷாம்பு போட்டு அலசி, களிமண் கட்டியை ஈரப் பெயின்ட்டின் மேல் தேய்த்தேன். முதல் தேய்ப்பிலேயே கட்டி பழுப்பாகிவிட்டது. பெயின்ட் கையில் மணல் தாள் மாதிரி இருந்தது. "காரை எங்க நிறுத்துற, கடலுக்குள்ளயா?" என்று கேட்டேன். சிரித்தான். திட்டினால் சிரிக்கிறவனை என்ன செய்வது.

சுபாஷிணி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நான் தேய்ப்பதையே பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது பார்த்தால் வேலை ஓடாது. பானட்டைத் துடைத்துக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல், "உங்கம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னா" என்றேன்.

"அம்மா சொன்னாங்களா, நீ கூப்பிடறியா?"

"நான்தான வந்து நிக்கறேன்."

"வாயால கூப்பிடு."

இந்த வயதில் பானட்டைப் பார்த்துக்கொண்டே, "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

திரும்பினால் நாற்காலி காலி. உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 14

வரமாட்டாளாம்.

காலையில் இட்லியை வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொல்கிறாள். காட்பாடியில் வெயில் தாங்காதாம். காற்றுள்ள அறையில் ஏ.சி. போட்டாயிற்று என்றேன். இங்கே டாக்டரம்மா பழகினவராம். வேலூரில் இல்லாத டாக்டரா, உலகமே அங்கே வைத்தியத்துக்கு வருகிறது. ஜெரால்டு தனியாகக் கஷ்டப்படுவானாம். அவன் எனக்கே சமைத்துப் போடுகிறான். அவன் அம்மா வருத்தப்படுவார்களாம். அந்த அம்மா உள்ளேயிருந்து, "நான் ஒண்ணும் வருத்தப்படல, போயிட்டு வா பாப்பா" என்றார்கள். அதற்குப் பிறகு கால் வீங்குகிறது என்றாள்.

நான் இட்லியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். இதற்காகவா நான் அந்த விமானத்தில் ஏறினேன்? அவள் கேட்டபடி வந்தாயிற்று, கேட்டபடி வாயால் கூப்பிட்டாயிற்று. இனி மண்டியிட வேண்டுமா? மதியம் முழுக்க மெஷினைக் கத்தவிட்டு வேலை பார்த்தேன்.

பிப்ரவரி 15

வலது பக்கக் கதவுக்கு இரண்டாவது தடவை காம்பவுண்டு போட்டுக்கொண்டிருந்தேன். கை தானாக ஓடியது, மனம் அவள் சொன்ன காரணங்களையே சுற்றியது. வெயில், டாக்டர், சமையல், மாமியார், கால். ஒன்றை உடைத்தால் அடுத்தது தயாராக நிற்கிறது. எதற்கும் அவள் கோபப்படவும் இல்லை, ஒன்றைத் தட்டியதும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். கோட்டிங், ஆல்கஹால், தண்ணீர், மேகம், வடைகறி. இந்த வியாபாரம் எனக்குத் தெரியாததா?

மெஷினை அணைத்துவிட்டு உள்ளே போனேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு இந்த ஊருக்கு எதுல வந்த?"

"கப்பல்ல."

"ஏன், ஃப்ளைட்டு இல்லியா?"

கத்தி நின்றது.

"அதுல ஏறினதே இல்லியா நீ?"

"போன வருஷம் பொங்கலுக்கு வர்றதுக்கு ஏர்போர்ட் வரைக்கும் போனேன்ப்பா. உள்ள போயி உக்காந்தேன். கூப்பிட்டாங்க. எழுந்திருக்க முடியல. காலு வரல. ஜெரால்டுதான் திரும்பக் கூட்டிட்டு வந்தாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"அம்மாகிட்ட இன்னா சொன்ன?"

"நீ கோவமா இருக்கற, அதான் வரலன்னு சொன்னேன்." நறுக்கின வெண்டைக்காயை ஓரமாகத் தள்ளினாள். "கப்பல்ல போலாம்னா இப்ப டாக்டர் கூடாதுன்னுட்டாங்க. ஃப்ளைட்ல போ, அது ஒண்ணும் ஆகாதுங்கறாங்க. அதான் நீ வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னு சொன்னேன். நீ வரவே மாட்டன்னு நம்பிட்டேன்ப்பா. உன் கோவத்தைத்தான் நம்பிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு முந்தானை இல்லாத நைட்டியின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். படித்த பெண். பச்சைக் குழந்தைகளே அதில் ஏறிச் சமோசா தின்கின்றன. இதற்கெல்லாமா ஒருத்தி பயப்படுவாள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். மூன்று வருடம் பார்க்காத முகம், அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"எனக்கும்தான்" என்றேன்.

"இன்னா உனக்கும்தான்?"

"அதான், ஃப்ளைட்டுன்னா காலு வராது. கோவமெல்லாம் முதல் மாசத்தோட போயிடுச்சு."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழுத கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நிறுத்து, பிள்ளைக்கு ஆகாது என்றால் கேட்கவில்லை. பின்கட்டில் நின்ற ஜெரால்டு ஓடிவந்து பார்த்துவிட்டு, காரணம் கேட்காமல் அவனும் சிரித்தான். அவனுக்கு எதற்கும் காரணம் தேவையில்லை.

பிப்ரவரி 16

வளைகாப்பு. பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மா, எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா, ஜெரால்டின் அம்மா எல்லோரும் போட்டார்கள். ஆளுக்கொரு பாஷையில் பாடினார்கள், ஒருத்திக்கும் சுருதி இல்லை. வளையல் போதவில்லை, அமுதவல்லிக்கு ஃபோனில் சொன்னேன். "இன்னும் ரெண்டு சுருட்டு இருக்கும், களிமண்ணு வெச்ச பையில பாருங்க" என்றாள். இருந்தது.

பிப்ரவரி 17

கார் முடிந்தது. வெயிலில் நிறுத்திச் சுற்றிப் பார்த்தேன். அவன் வாங்கின கோட்டிங் நல்ல சரக்குத்தான். வெள்ளை இப்போது வெள்ளையாக இருக்கிறது.

மெஷின், பேடு, துணி எல்லாவற்றையும் இங்கேயே விட்டுவிட்டேன். திரும்ப அந்த அறையில் நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஜெரால்டுக்கு எப்படிப் பிடிப்பது, எப்படித் தேய்ப்பது என்று காட்டினேன். "அமுக்காதீங்க மாப்பிள்ளை, மெஷினோட கனமே போதும்" என்று எத்தனை தடவை சொல்வது? ஒரு மாதத்தில் மோட்டாரைக் கருக்கிவிடுவான்.

பிப்ரவரி 18, காட்பாடி

வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். விமானத்தில் எழுத முடியவில்லை, கை காலியாக இல்லை.

ஜெரால்டு ஏர்போர்ட் வாசல் வரை வந்து நின்றான். பிரசவத்துக்கு வருவான். உள்ளே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. நானும்தான் எழவில்லை. வரிசை முழுக்கக் கரைந்து, கடைசியில் நாங்கள் மட்டும் மிஞ்சினோம். அங்கே நின்ற ஊழியன் எங்களையே பார்த்தான். "இவன் ஒருத்தன், எமன் கூப்பிட்ட மாதிரி கூப்பிடறான்" என்று முணுமுணுத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வேகத்தில் எழுந்துவிட்டாள். விட்டால் உட்கார்ந்துவிடுவாள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் அப்படி நினைத்துத்தான் என் கையைப் பிடித்தாளோ என்னவோ.

எங்களுக்கு ஜன்னல் சீட் ஒன்று, நடு சீட் ஒன்று. ஓரத்து சீட்டில் இருந்த பையனிடம் ஜன்னலைக் கொடுத்துவிட்டோம். எங்களைப் பெரிய தியாகிகள் மாதிரி பார்த்து நன்றி சொன்னான்.

விமானம் நகர ஆரம்பித்ததும் வளையல் அத்தனையும் கிணுகிணு என்றது. அவ்வளவு நடுங்கினாள்.

"அப்பா, ஏதாவது பேசு."

"இன்னா பேசறது?"

"யாரையாவது திட்டு. நீ திட்டினா வீட்ல இருக்கற மாதிரி இருக்கும்."

இப்படி ஒரு உத்தரவு எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. பெல்ட் போடச் சொல்லிக்கொடுத்தவளைத் திட்டினேன், மனுஷனுக்குப் பெல்ட் போடத் தெரியாதா. பைலட் மைக்கில் பேசினதைத் திட்டினேன், ஒரு வார்த்தை புரியவில்லை. இறக்கையைக் கழுவாதவனை, இந்தச் சீட்டை இவ்வளவு குறுகலாகச் செய்தவனை, சுடுதண்ணீரில் உப்புமா செய்து விற்கிறவனை எல்லாம் திட்டினேன். மேலே ஏறிக் குலுங்கியபோது மணவாளனைப் பிடித்துக்கொண்டேன், அவன் கொஞ்ச தூரம் தாங்கினான். டாக்டரையும் அவர் டிரைவரையும் திட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நகம் என் கையில் பதிந்திருந்தது.

பாதிக் கடலில் திட்ட ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள். "அப்புறம்?" என்றாள். யாரும் தோன்றவில்லை. பிறகு, மூன்று வருடம் பெண்ணைப் பார்க்காமல் டீக்கடையில் வீறாப்பாக உட்கார்ந்திருந்தானே ஒருத்தன், அவனை எடுத்துக்கொண்டேன். அவனைப் பற்றி என்னிடம் நிறைய இருந்தது. சென்னை வந்து இறங்கும்வரை போதுமானதாக இருந்தது.